கறுப்புத் தொட்டியும் சாம்பல் தொட்டியும்

சங்கத்தின் மலருக்கு நான் கட்டுரை கொடுத்தால் அது சமணப் பள்ளிகள், கல்வெட்டுகள், பழைய ஊர்ப் பெயர்கள் என்றுதான் இருக்கும். மலர்க் குழு நண்பர்களும் அதையே எதிர்பார்த்துப் பக்கம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். இம்முறை கழிவறைத் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன். முகம் சுளிக்க வேண்டாம். தில்லி சாவ்ரி பஜாரில் நாற்பது ஆண்டுகளாகக் குழாயும் வால்வும் விற்று வயிறு வளர்த்தவன் நான். கல்வெட்டைவிட இந்த விஷயத்தில்தான் எனக்குப் பாத்தியதை அதிகம். தவிர, நம்மில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும்போது, "ஆர்.வி. எடுத்துக்கிட்டு நாலு நாள் காட்டுப் பக்கம் போயிட்டு வரலாம்" என்று அவர்கள் கிளப்புவார்கள். கிளம்புமுன் தெரிந்திருக்க வேண்டிய சில செய்திகளை நான் கிளம்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆர்.வி. என்பது சக்கரம் வைத்த வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே உண்டு. 2024 ஜனவரியில் பீனிக்ஸ் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் மனைவியும் போயிருந்தபோது மாப்பிள்ளை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பெரியவர் நால்வர், குழந்தைகள் இருவர். மேற்கே 200 கிலோமீட்டர் போனால் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். வெயில் காலத்தில் ஆளரவம் குறைந்து கிடக்கும் அந்தப் பாலைவன ஊரைச் சுற்றி, குளிர்காலம் வந்தால் ஆயிரக்கணக்கில் இந்த வண்டிகள் வந்து நிற்கின்றன. கனடாவிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பி வரும் ஓய்வுபெற்ற கிழவர் கிழவிகள்தாம் பெரும்பாலும். அவர்களுக்கு ‘ஸ்னோபேர்ட்’, அதாவது பனிப்பறவை, என்று பெயர்.

ஊருக்கு வெளியே பி.எல்.எம். என்னும் மத்திய அரசின் நிலத் துறைக்குச் சொந்தமான பெருவெளி கிடக்கிறது. அதில் பெரும்பகுதியில் 14 நாள் காசு கொடுக்காமல் தங்கலாம். லா போஸா என்ற பகுதியில் மட்டும் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டி நீண்ட நாள் தங்க விடுகிறார்கள். அங்கே தண்ணீர்க் குழாயும், வண்டித் தொட்டியைக் காலி செய்யும் இடமும் உண்டு. அந்த இடத்துக்குத்தான் டம்ப் ஸ்டேஷன் என்று பெயர். தரையில் மூடி போட்ட ஒரு ஓட்டை, பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். நாங்கள் அங்கே நிற்கவில்லை. இன்னும் தெற்கே கோஃபா என்னும் வனவிலங்குப் புகலிடத்துக்குப் போனோம். பாலைவனத்துப் பெருங்கொம்பு ஆடுகளுக்காக 1939இல் ஒதுக்கப்பட்ட ஆறரை லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். ‘கிங் ஆஃப் அரிசோனா’ என்ற பழைய தங்கச் சுரங்கத்தின் பெயர்தான் சுருங்கிக் கோஃபா ஆயிற்றாம். மலையும் கள்ளியும் வானமும்தான். குழாய் இல்லை, மின்சாரம் இல்லை, கழிவுக்கு ஓட்டையும் இல்லை. அது வேண்டுமென்றால் மண்பாதையில் ஊர்ந்து நெடுஞ்சாலைக்கு வந்து, மொத்தம் ஒரு முப்பது கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும்.

இனி வண்டியின் வயிற்றைப் பார்ப்போம். அடியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீர். இரண்டாவது, அடுப்படியிலும் குளியலறையிலும் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் தொட்டி. இதைச் சாம்பல் தொட்டி என்கிறார்கள். மூன்றாவது கழிவறைக்கு உரியது, கறுப்புத் தொட்டி. எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் சுமார் 150 லிட்டர், சாம்பல் 110, கறுப்பு 100. கழிவறைக் கோப்பையில் நம் வீட்டில் இருப்பதுபோல் வளைந்த டிராப் கிடையாது. காலால் ஒரு மிதி மிதித்தால் அடித்தட்டு விலகி, எல்லாம் நேரே தொட்டிக்குள் விழும். தட்டு மூடியபின் மேலே சிறிது தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் நாற்றத்துக்குத் தடுப்பு. வெளியே போகும் குழாய் கறுப்பு நிற ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், மூன்று அங்குலம். சாம்பல் தொட்டிக்குப் பெரும்பாலும் ஒன்றரை அங்குலம். இரண்டுக்கும் தனித்தனியே இழுத்துத் திறக்கும் கேட் வால்வு. இரண்டு குழாயும் கடைசியில் ஒரே வாயில் சேர்கின்றன. வண்டியை ஒப்படைத்த இளைஞன் இதையெல்லாம் விளக்கும்போது நான் கேட்டதும் கேட்காததுமாக நின்றேன். வால்வைப் பற்றி எனக்கு ஒரு பையன் பாடம் எடுக்கிறானே என்ற எண்ணம்.

அந்தப் பையன் சொன்னதில் ஒன்று மட்டும் மனத்தில் நின்றது. கறுப்பு வால்வை எந்நாளும் திறந்து வைத்துவிடக் கூடாது, டம்ப் ஸ்டேஷனில் குழாயை மாட்டிக்கொண்டு நின்றாலும்கூட. திறந்து வைத்தால் நீர் வடிந்து ஓடிவிடும், கெட்டியானது நேர்கீழே கோபுரமாகக் குவிந்து இறுகும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு ஒரேயடியாகத் திறந்தால்தான் வேகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். முதலில் கறுப்பு, பிறகு சாம்பல். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். காலி செய்தபின் பத்துப் பதினைந்து லிட்டர் நல்ல தண்ணீரைக் கோப்பை வழியே உள்ளே விட்டு வைக்க வேண்டும்.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. காகிதத்தால் துடைக்கும் பழக்கமுள்ளவர்கள் சீக்கிரம் கரையும் தனி வகைக் காகிதம் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அடைக்கும். சொம்பும் கையுமாக இருக்கும் நமக்கு அந்தக் கவலை இல்லை. தண்ணீர் கூடப் போவதால் கெட்டியும் இளகும். கெட்ட செய்தி, தொட்டி சீக்கிரம் நிரம்பும்.

ஆனால் முதலில் நிரம்பியது கறுப்பு அல்ல. ஆறு பேருக்குச் சோறு, சாம்பார், பொரியல், காலையில் இட்லி. என் மனைவிக்கு எவர்சில்வர் பாத்திரம் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கவிழ்த்தால்தான் சுத்தம். இரண்டாம் நாள் மாலை பேத்தி, "தாத்தா, குளிக்கிற இடத்துல சாம்பார் வருது" என்றாள். போய்ப் பார்த்தால் உண்மைதான். சாம்பல் தொட்டி நிரம்பி, வண்டியிலேயே தாழ்வான வடிகால் எதுவோ அதன் வழியே, அதாவது குளியல் தட்டின் வழியே, மேலே வந்துவிட்டது. பருப்பும் மஞ்சள் எண்ணெயும் மிதந்தன. சுவரில் உள்ள பலகையில் பொத்தானை அழுத்தினால் தொட்டி அளவைக் காட்டும் விளக்குகள் எரியும். சாம்பல் முழுசு, கறுப்பு மூன்றில் இரண்டு என்றது.

"கழுவின தண்ணிதானே மாப்பிள்ளை, இருட்டினப்புறம் திறந்து விட்டுடலாம், ஊர்ல வாழைக்குப் போற தண்ணி" என்று சொன்னவன் நான்தான். இதை மறைப்பதில் பயனில்லை.

மாப்பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "வேணாம் மாமா. இது வாழைத் தோட்டம் இல்ல." சட்டம் இடத்துக்கு இடம் மாறும். பி.எல்.எம். பொது நிலத்தில் கழுவிய நீருக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. கறுப்புத் தொட்டிக்கு எங்குமே கிடையாது. நாங்கள் நின்றதோ விலங்குகளுக்கென்று வைத்த இடம். சட்டத்தை விடுங்கள், மண்ணைப் பார்த்தாலே காரணம் புரியும். நம் வந்தவாசிப் பக்கத்துக் கொல்லையில் ஈரமும் மக்கும் புழுவும் உண்டு. ஊற்றியது நாலு நாளில் மண்ணாகிவிடும். அங்கே ஆண்டு முழுவதும் மிகக் கொஞ்சம்தான் மழை. எதுவும் மக்காமல் காய்ந்து கிடக்கும். பெய்தால் ஒரே கொட்டாகக் கொட்டி, வறண்ட ஓடை வழியே அத்தனையையும் வாரிக்கொண்டு போகும். சாம்பார் மணத்துக்கு விலங்குகள் வரும். மனிதர் நிற்கும் இடத்தில் தீனி கிடைக்கும் என்று பழகிவிடும். எங்களுக்கு முன்பும் பின்பும் அதே இடத்தில் எத்தனை வண்டி நிற்கும்!

என் சமயத்தில் துறவியருக்கு ஐந்து சமிதிகள் விதித்திருக்கிறார்கள். ஐந்தாவது உத்சர்க்க சமிதி: மலசலத்தைக்கூட உயிரில்லாத இடம் பார்த்து, ஒன்றுக்கும் துன்பம் வராமல் விட வேண்டும் என்பது. இதை விளக்கி நானே இரண்டு கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இருட்டின பிறகு திறந்துவிடலாம் என்று சொன்ன வாயும் அதே வாய்தான்.

நூறடி தள்ளி இன்னொரு வண்டி. எழுபது தாண்டிய கனடாக்காரர். குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்று அறிந்ததும் எனக்குச் சொந்தக்காரரைக் கண்டதுபோல் ஆயிற்று. அவர் மாதக்கணக்கில் இப்படி நிற்பவர். அவரிடம் இரண்டு சாதனங்கள் இருந்தன. ஒன்று, பிக்கப் வண்டியின் முதுகில் கட்டிவைத்த 170 லிட்டர்ப் பிளாஸ்டிக் தொட்டி. மற்றொன்று மெஸரேட்டர் பம்பு. 12 வோல்ட் பேட்டரியில் ஓடுவது, உள்ளே கத்தி சுழன்று கெட்டியைக் கூழாக்கும், பிறகு ஓர் அங்குலக் குழாயிலேயே மேட்டுக்கும் ஏற்றும். நம் கிரைண்டரையும் மோட்டாரையும் சேர்த்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வண்டியை நகர்த்தாமலே கழிவைப் பிக்கப்புக்கு மாற்றி, அதை டம்ப் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகலாம். அருகிலேயே காலி செய்யும் இடம் இருந்தால் இவ்வளவு வேண்டாம். சக்கரம் வைத்த நீலத் தொட்டி ஒன்று போதும். நீலம்தான் அதற்கு வழக்கமான நிறம். அதைத் தரையில் வைத்தால் கழிவு தானே இறங்கும். வண்டியின் பின்கொக்கியில் மாட்டி நடை வேகத்தில் இழுத்துப் போகலாம். நெடுஞ்சாலைக்கு அது ஆகாது. நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ என்பதையும் மறக்கக் கூடாது. கையால் இழுக்கிற வயது எனக்கில்லை.

உதவி கேட்டதும் அவர் சரி என்றார். ஆனால் கையுறை ஒரு ஜோடியை என்னிடம் நீட்டினார். சாதனம் என்னுடையது, தொட்டி உன்னுடையது, வேலையும் உன்னுடையது என்பது அதன் பொருள்.

அந்தக் கையுறையைப் போடும்போது எனக்கு ஒன்று உறைத்தது. நாற்பது ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் கோப்பை, எத்தனை லாரிக் குழாய் விற்றிருப்பேன்! ஒரு முறைகூட அதற்குள் போவதை என் கையால் அள்ளியதில்லை. எங்கள் கடைச் சந்தில் அடைத்துக்கொண்டால் ஒருவர் வருவார், மூங்கில் பட்டையும் வாளியுமாக. இருபது ஆண்டுகளாக அவர்தான். கூலியை மேஜைமேல் வைப்பேன், அவர் எடுத்துக்கொள்வார், கையில் கொடுத்ததில்லை. கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதையும், பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதையும் தடுத்து 2013இல் சட்டமே வந்துவிட்டது. சாவுச் செய்தி நின்றபாடில்லை. போன முறை அவர் வந்தபோது ஒரு ஜோடி தடித்த கையுறை வாங்கி வைத்திருந்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "மூங்கில் வழுக்குது சேட்" என்று திருப்பிக் கொடுத்தார். இப்போது சந்துக் கடைக்காரர்கள் சேர்ந்து, அடைத்தால் பம்பு லாரியைக் கூப்பிடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பாதிப் பேர் காசு தர இன்னும் ஒப்பவில்லை.

கோஃபாவுக்குத் திரும்புவோம். கனடாக்காரர் தெளிவாகச் சொன்னார், முக்கால் தொட்டிக்கு மேல் ஏற்றாதே என்று. நான் வியாபாரி. கறுப்பு மூன்றில் இரண்டு என்றால் 65 லிட்டர், சாம்பல் 110, ஆக 175. அவர் தொட்டி 170. ஐந்து லிட்டரைச் சாம்பலிலேயே விட்டுவிட்டால் ஒரே நடையில் முடிந்தது. அரை லாரிச் சரக்குக்கு முழு லாரி வாடகை கொடுத்துப் பழக்கமில்லாத புத்தி அப்படித்தான் கணக்குப் போடும். அவர் எதையோ எடுக்கத் தம் வண்டிக்குப் போன நேரம் கறுப்பை முடித்து, சாம்பல் வால்வைத் திறந்து பம்பை ஓட்டிக்கொண்டே இருந்தேன். சட்டென்று பிக்கப்பின் முதுகிலிருந்து வழிய ஆரம்பித்தது. பம்பை நிறுத்துவதற்குள் ஒரு வாளிக்கு மேல் மண்ணில்.

பிழை எங்கே? அந்த விளக்கில். தொட்டியின் உட்சுவரில் சிறு உலோகக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். நீர் தொட்டால் மின்னோட்டம் பாய்ந்து விளக்கு எரியும். அழுக்கும் காகிதமும் அவற்றில் ஒட்டிக்கொண்டால் காலித் தொட்டியையும் நிரம்பியதாகக் காட்டும். கம்பியோ குமிழோ பழுதானால் நிரம்பியதையும் குறைத்துக் காட்டும். எங்கள் கறுப்புத் தொட்டி மூன்றில் இரண்டு அல்ல, அநேகமாக முழுசாகவே இருந்திருக்கிறது. ஆர்.வி. வைத்திருக்கும் எவரும் அந்த விளக்கை நம்புவதில்லையாம். கோப்பைத் தட்டைத் திறந்து டார்ச் அடித்துக் கண்ணால் பார்ப்பதுதான் அளவு. இதையும் அந்த வாடகைக் கடைப் பையன் சொல்லியிருப்பான்; நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

வழிந்த இடத்தில் எறும்புப் புற்று ஒன்று இருந்தது. அதில் பாதி நனைந்துவிட்டது. அந்த இரவு எனக்குத் தூக்கமில்லை என்று சொன்னால் மனைவி சிரிப்பாள். தூங்கினேன், ஆனால் நல்ல தூக்கமில்லை.

சுத்தம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கனடாக்காரர் கோபிக்கவில்லை. தேங்கிய ஈரத்தின்மேல் ஒரு வெள்ளைத் தூளைத் தூவினார். குழந்தைகளின் நாப்கினில் இருக்கும் அதே வகைத் தூள். தண்ணீரை உறிஞ்சி ஜெல்லாக்கும். கழிவறை இல்லாத இடங்களில் மலையேறுபவர்கள் எடுத்துப் போகும் பைகளிலும் இதுதான் இருக்கிறது. போனதைக் கட்டித் திரும்பக் கொண்டுவந்து குப்பையில் சேர்க்கிறார்கள். மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்குச் சுரண்டி, இரட்டைப் பையில் கட்டினோம். பிளீச்சிங் திரவம் ஊற்றலாமா என்று கேட்டேன். மண்ணில் இருக்கிற கொஞ்சம் உயிரையும் கொல்லவா என்றார். அதே காரணத்துக்காகத்தான் தொட்டியில் ஊற்றும் மருந்திலும் பார்மால்டிஹைடு கலந்ததை வாங்கக் கூடாது. நாற்றத்தை அடக்கும், உண்மை. ஆனால் போய்ச் சேரும் செப்டிக் குழியில் கழிவைத் தின்னும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். என்சைம் கலந்த மருந்துகள் கிடைக்கின்றன.

பாக்டீரியா என்றதும் நம் ரயில் ஞாபகம் வருகிறது. சென்னைக்குப் போகும் வண்டிகளில் முன்பெல்லாம் நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தாதீர் என்று எழுதியிருக்கும். எல்லாம் தண்டவாளத்தில்தான் விழுந்தது. இப்போது பெட்டிக்கடியில் பயோ டாய்லெட் தொட்டி இருக்கிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் குவாலியர்க் கூடத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா அதில் கழிவைத் தின்று நீரும் வாயுவுமாக ஆக்குகிறது. அதனால் ஆர்.வி. போல அடிக்கடி காலி செய்ய வேண்டியதில்லை. நாம் போடும் பிளாஸ்டிக் பாட்டிலையும் நாப்கினையும்தான் அதனால் தின்ன முடியாது. ஆர்.வி. தொட்டியில் பாக்டீரியாவுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. அது வெறும் சேமிப்புப் பாத்திரம்.

தூரத்தில் தங்குவோர்க்கு வேறு வழிகளும் உண்டு. குவார்ட்ஸைட் சுற்றுவட்டாரத்தில் காசு வாங்கிக்கொண்டு நிற்கும் இடத்துக்கே வந்து உறிஞ்சிப் போகும் லாரி உண்டு; ‘ஹனி வேகன்’, அதாவது தேன் வண்டி, என்று கேலிப் பெயர். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெட்டிபோல் வெளியே உருவக்கூடிய 20 லிட்டர் அளவிலான சிறு தொட்டி வழக்கம்; ஆனால் நம் போன்ற ஆறு பேர்க் குடும்பத்துக்கு ஒரு நாளுக்கு வருமா என்பது சந்தேகம். கனடாக்காரர் தம் வண்டியில் வைத்திருந்ததோ தண்ணீரே இல்லாத கழிவறை. சிறுநீர் முன்னால் ஒரு குடுவைக்கும் மலம் பின்னால் ஒரு கலத்துக்கும் தனித்தனியே போய்விடும். இரண்டும் கலந்தால்தான் அந்தப் பெருநாற்றமாம். பின்கலத்தில் உலர்ந்த தூளைப் போட்டுக் கைப்பிடியால் கிளற வேண்டும். அந்தத் தூள் எது தெரியுமா? தேங்காய் நார்த்தூள், செங்கல் மாதிரி அழுத்தின கட்டியாக. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறும் சரக்கு. நமக்கு அது சரிப்படாது. தண்ணீர் விட்டுக் கழுவினால் தூள் சேறாகிவிடும்.

இப்படி எதுவும் இல்லாதவர்களுக்கு இருப்பது சிக்கனம் ஒன்றே. அந்த இரவுக்குப் பிறகு மகள் சட்டம் போட்டாள். தட்டைக் காகிதத்தால் துடைத்த பிறகே கழுவ வேண்டும். மீந்த சாம்பார் தொட்டிக்குள் போகக் கூடாது, மூடிபோட்ட டப்பாவில் குப்பைக்குப் போக வேண்டும். ஒரு பேசினில் சோப்பு, ஒரு பேசினில் அலசல், ஓடுகிற தண்ணீர் கிடையாது. குளிக்கும்போது நனைந்ததும் குழாயை மூடு, சோப்பு போடு, பிறகு திற. வெந்நீர் வரும்வரை ஓடும் குளிர்ந்த நீரை ஒரு குவளையில் பிடித்துக் கழிவறைக்கு வைத்துக்கொள். "என்னங்க, ராஜஸ்தானத்து மருமக மாதிரி ஆயிட்டேன்" என்றாள் என் வீட்டுக்காரி. முதல் இரண்டு நாளில் நிரம்பிய தொட்டி அடுத்த இரண்டு நாளில் பாதிகூட ஆகவில்லை.

மறுநாள் காலை கனடாக்காரரோடு பிக்கப்பில் போய், ஊருக்குள் காசு கட்டிக் காலி செய்யும் இடத்தில் அந்த 170 லிட்டரையும் இறக்கினோம். குழாயின் நுனியை ஓட்டைக்குள் நன்றாகச் செருகி, அது துள்ளாதபடி மேலே ஒரு கனத்தை வைக்க வேண்டும். அவரது தொட்டியையும் பிக்கப்பின் முதுகையும் நானே மூன்று முறை கழுவினேன். அங்கே குழாய் இரண்டு. கழுவும் குழாயில் குடிதண்ணீர் பிடித்துவிடக் கூடாது. எழுதி வைத்திருந்தார்கள்.

நான்காம் நாள் பீனிக்ஸ் திரும்பும் வழியில் எங்கள் வண்டியையும் காலி செய்து அலசினோம். வாடகைக் கடையில் அதே பையன். தொட்டி காலியாக இல்லாவிட்டால் தனிக் கட்டணம் என்பது ஒப்பந்தம். பொத்தானை அழுத்தினான், கறுப்பு மூன்றில் இரண்டு என்று விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை வாதாட வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, பையனிடமே டார்ச்சை வாங்கி, மிதியை மிதித்து உள்ளே அடித்துக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.